ஸ்டெப்னி இருக்குல்ல?

வண்டியூருக்கு அந்தப் பக்கம், ரிங் ரோட்டில் இருந்த ஒரு கார் ஷோரூமில் ஒன்றரை வருடம் வேலை பார்த்தேன். எங்கள் விற்பனைக் குழுவுக்குத் தலைமை ஒரு அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். வாங்க வருகிறவர், விற்கிறவர், டீ கொண்டுவருகிறவர் எல்லாருக்குமே அவர் அக்காதான். அந்த ஒன்றரை வருடத்தில் அவர் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல்லை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பாராட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்தச் சொல் வராததால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கழிவறையில் தண்ணீர் வராது. வாடிக்கையாளர் முகம் சுளித்துக்கொண்டு வெளியே வருவார். "டேங்கு நெறஞ்சுக்கிட்டிருக்குங்க சார், ஒரு அஞ்சு நிமிசம்" என்பார் அக்கா. மோட்டார் எரிந்துபோய் இரண்டு நாள் ஆகியிருக்கும். ஒரு மாடலில் சிவப்பு நிறத்தையே கம்பெனி நிறுத்திவிட்டது. "ரெட்டு வந்துக்கிட்டிருக்கு" என்பார். ஒரு பல் டாக்டர் அந்தச் சிவப்புக்காக நான்கு மாதம் காத்திருந்தார். கடைசியில் வேறு கம்பெனியில் சிவப்பாக ஒரு கார் வாங்கி, அதை எங்கள் ஷோரூம் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, நீளமாக ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனார். எனக்கு மானம் போனது. அக்கா கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "கலர் அவருக்கு நல்லா எடுக்குதுல்ல?" என்றார்.

விடுப்பு கேட்டாலும் இதே கதைதான். தங்கச்சிக்குப் பூ வைக்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், வெள்ளிக்கிழமை ஒருநாள் லீவு வேண்டும் என்று பத்து நாள் முன்பே எழுதிக் கொடுத்தேன். "அதுக்கென்ன தம்பி, பாத்துக்கிருவோம்" என்றார். நானும் நம்பினேன். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது போன். "கெளம்பிட்டியா தம்பி? இன்னைக்கு மூணு டெலிவரி."

"அக்கா, லீவு கேட்டிருந்தேனே."

"ஆமா, குடுத்துருக்கேனே. ஒரு எட்டு வந்துட்டுப் போயிரு."

அவர் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டாரோடு போனில் பேசும்போது அவர்கள் பாஷைதான். ஒருநாள் எரிச்சல் தாங்காமல், "உங்க வீட்டுப் பாஷையில 'இல்லை'க்கு வார்த்தை இருக்கா அக்கா?" என்று கேட்டேவிட்டேன். "இருக்குதே" என்றார் சிரித்தபடி. என்ன வார்த்தை என்று கேட்டேன். "அப்பறமாச் சொல்றேன்."

இவரிடம்தான் ஸ்டெப்னி இல்லாத கார் வந்து சேர்ந்தது.

புது மாடலில் ஐந்தாவது சக்கரத்தைக் கம்பெனி எடுத்துவிட்டது. எடை குறையுமாம், மைலேஜ் கூடுமாம், டிக்கியில் இடம் கிடைக்குமாம். சக்கரம் இருந்த இடத்தில் ஒரு பஞ்சுத் தட்டு. அதில் காற்றடிக்கும் சின்ன பம்ப் ஒன்று, பால் போல வெள்ளைத் திரவம் நிறைந்த பாட்டில் ஒன்று. ஆணி குத்தி ஓட்டை விழுந்தால் அந்தத் திரவத்தை டயருக்குள் ஏற்றி, காற்றடித்து, பஞ்சர் கடை வரைக்கும் மெதுவாக ஓட்டிப் போகலாம். ஆனால் டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் அது எதற்கும் ஆகாது. வண்டியோடு வரும் புத்தகத்தில் இதைப் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தவன் அந்த ஷோரூமில் நான் ஒருவன்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஐந்தாவது படிக்கும்போதே தெருவில் உள்ளவர்கள் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து கொடுத்து, இது காலையிலா ராத்திரியிலா என்று கேட்பார்கள். தப்பாகச் சொன்னால் ஒருவர் தப்பாக விழுங்கிவிடுவார் என்ற பயம் அப்போதே பிடித்தது. இன்னும் விடவில்லை. அதனால் ஒரு தாளில் நாலு வரி டைப் அடித்தேன். 'இந்த வண்டியில் மாற்றுச் சக்கரம் கிடையாது. பக்கவாட்டில் கிழிந்தால் பஞ்சர் கிட் பயன்படாது.' டெலிவரியின்போது எல்லாருக்கும் இதைக் கொடுக்கலாம் என்று அக்காவிடம் நீட்டினேன்.

வாசித்தார். "தமிழு அழகா இருக்கு தம்பி" என்று மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். அதோடு சரி.

எங்கள் பக்கத்து ஆட்கள் கார் பார்க்க வந்தால் பாட்டுப் பெட்டி, திரை எல்லாம் பிள்ளைகளுக்குத்தான். பெரியவர் நேராகப் பின்னால் போய் டிக்கியைத் திறக்கச் சொல்வார். தரையைத் தட்டிப் பார்ப்பார். "ஸ்டெப்னி இருக்குல்ல?" ஒரு நாளைக்கு நாலு பேராவது கேட்பார்கள். "எல்லாம் இருக்குண்ணே" என்பார் அக்கா. நான் பக்கத்தில் நிற்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

சோழவந்தானிலிருந்து ஒருவர் வந்தார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். ஐம்பத்தைந்து வயதுக்குக் குறையாது. வெற்றிலை ஏற்ற ஒரு லோடு வண்டி மட்டும்தான் அவரிடம் இருந்தது. அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை கே.கே. நகரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்கு வரவேண்டும். பஸ்ஸில் வந்து போய் அந்த அம்மா துவண்டுவிடுகிறார், அதற்காகத்தான் கார் என்றார். டிக்கியைத் தட்டினார். "ஸ்டெப்னி இருக்குல்ல தாயி? நடுவழியில நின்னுறக் கூடாது. பத்து மணிக்கு மிசினு. அத விட்டா அடுத்த ஆளு ஏறிருவாரு."

"எல்லாம் இருக்குண்ணே. நீங்க அக்காவ நல்லாப் பாத்துக்கங்க, வண்டிய நாங்க பாத்துக்கிறோம்."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் பக்கம் திரும்பாமலே, "தம்பி, அண்ணனுக்கு மோர் கொண்டாப்பா" என்றார். நான் மோர் கொண்டுவரப் போனேன். இதை எழுதாமல் விட்டால் நானும் அந்த 'எல்லாம் இருக்கு'க் கூட்டத்தில் சேர்ந்துவிடுவேன். போனேன், கொண்டுவந்தேன், கொடுத்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டெலிவரி அன்று அந்த அம்மாவும் வந்திருந்தார். இடது முழங்கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சும் பிளாஸ்திரியும். முகம் வெளிறிப்போய் இருந்தது. ஆனால் பூசையை அவர்தான் செய்தார். நாலு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சந்தனக் கிண்ணத்தோடு குனிந்து குனிந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் பொட்டு வைத்தார். நாலு முடிந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "அஞ்சாவது எங்கப்பா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"ஸ்டெப்னிப்பா. எங்க லோடு வண்டிக்கு ஆயுத பூசைக்கு அதுக்குத்தான் மொதல்ல வைப்போம். அதுதான் உள்ள கெடந்து காக்குது."

அக்கா டிக்கியைத் திறந்து தரைப்பலகையைத் தூக்கினார். பஞ்சுத் தட்டு, பம்ப், பாட்டில். "இப்பல்லாம் இப்பிடித்தாங்க்கா வருது" என்றார்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். கணவரைப் பார்த்தார். பிறகு மோதிர விரலால் சந்தனம் தொட்டுப் பம்புக்கு ஒரு பொட்டும், பாட்டில் மூடிக்கு ஒரு பொட்டும் வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சக்கரம் எங்க தாயி?" என்றார் கணவர்.

"சக்கரத்தோட வேலைய இதே பாத்துக்கும்ணே."

பெரியவர் தலையை ஆட்டினார். படித்தவர்கள், கம்பெனிக்காரர்கள், பொய்யா சொல்லப்போகிறார்கள் என்கிற ஆட்டல் அது. எங்கள் அப்பாவும் அப்படித்தான் ஆட்டுவார். அவர்கள் போனதும், "அக்கா, அது பாட்டில்க்கா. அந்தம்மா அதுக்குப் பொட்டு வச்சிட்டுப் போகுது. அவங்ககிட்ட இல்லைன்னு சொன்னா என்னக்கா?" என்றேன்.

"மங்களமா வண்டி எடுக்க வந்துருக்காங்க. அந்த நேரத்துல போயி அந்தச் சொல்லச் சொல்லுவாகளா?" என்றார்.

ஒரு மாதம் ஆகியிருக்கும். காலை எட்டரைக்கு ஷோரூமில் என் போன் அடித்தது. சோழவந்தான்காரர்தான். தேனூருக்குப் பக்கத்தில், எதிரே வந்த டிராக்டருக்கு ஒதுங்கும்போது ரோட்டோரம் வெட்டிப் போட்டிருந்த கருவேல மரத்தின் அடிக்கட்டை டயரின் பக்கவாட்டில் குத்திவிட்டது. "கிழிஞ்சுபோச்சு தம்பி. உள்ளங்கை நீளத்துக்கு. பாட்டில ஊத்துனேன், பூராவும் ரோட்டுல ஓடுது. பொண்டாட்டி வண்டியில இருக்கா. பத்து மணிக்கு மிசினு."

நான் பேசுவதற்குள் அக்கா போனை வாங்கிக்கொண்டார். "அண்ணே, பதறாதீக. வண்டிய ஓரங்கட்டி நிப்பாட்டுங்க. பத்தே நிமிசம்."

பத்து நிமிடம்! வண்டியூர் எங்கே, தேனூர் எங்கே? ஊரைக் குறுக்கே தாண்டிப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சர்வீஸ் ஆட்கள் ஒன்பது மணிக்குத்தான் வருவார்கள். அக்கா பரபரவென்று யார் யாருக்கோ போன் செய்தார். பக்கத்து ஷோரூம், பழைய கார் வியாபாரி, டயர் கடை. அந்த அளவுச் சக்கரம் யாரிடமும் இல்லை. எட்டே முக்காலுக்கு மறுபடி அவர். "கெளம்பியாச்சுண்ணே" என்றார் அக்கா. யாரும் கிளம்பவில்லை. ஒன்பதுக்கு மறுபடி. "தம்பி வந்துக்கிட்டே இருக்கான்ணே, டிராபிக்கு." தம்பி நான். அக்காவுக்கு எதிரில், இரண்டு அடி தூரத்தில் நின்றுகொண்டிருக்கிறேன்.

போனுக்குள்ளே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்துபோகும் சத்தம் கேட்டது. அவர் சொல்வதும் கேட்டது: "அதான் தாயி, இந்தா இன்னொரு பஸ்ஸையும் விட்டுட்டேன். நீங்கதான் வாரீகளே."

பிடுங்கினேன். என் போன்தான், ஆனாலும் அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"ஐயா, நாங்க யாரும் கெளம்பல. வண்டியூர்லதான் நிக்கிறோம். அங்க வர ஒரு மணி நேரம் ஆகும். ஸ்டெப்னி இல்லய்யா. உங்க வண்டியிலயும் இல்ல, எங்ககிட்டயும் இல்ல. அந்தப் பாட்டிலு இதுக்கு ஆகாது. அம்மாவ எந்த வண்டி வருதோ அதுல ஏத்துங்க. இப்பவே."

அந்தப் பக்கம் கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "இத வண்டி எடுக்கும்போதே சொல்லியிருக்கலாம்ல தம்பி" என்றார். திட்டவில்லை. வைத்துவிட்டார்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். கோபம் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், நான் அவர் முன்னால் ஏதோ அசிங்கமான வார்த்தை பேசிவிட்டதுபோல் பார்த்தார். பின்பக்கக் கொட்டகைக்கு நடந்தார். வாடிக்கையாளர்கள் ஓட்டிப் பார்ப்பதற்கென்று வைத்திருந்த வண்டி அங்கே நின்றது. அதே மாடல். அப்போதுதான் வந்த மெக்கானிக்கிடம், "முன்சக்கரத்தக் கழட்டுப்பா" என்றார்.

"அக்கா, டெமோ வண்டிக்கா. மூணு கால்ல நிக்க வைக்கவா?"

"ஜாக்கியில நிக்கட்டும். பாத்துக்கிருவோம்."

அன்று ஓட்டிப் பார்க்க வந்த இரண்டு பேரிடம், "வண்டி வெளிய போயிருக்கு, இந்தா வந்துரும்" என்று சொல்லச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

அவருடைய சொந்தக் காரில், பின்சீட்டில் சக்கரம் கிடக்க, நான் ஓட்டினேன். சிம்மக்கல் தாண்டினோம். பிறகு அவராகவே சொன்னார். அவர் அப்பாவுக்கு விளக்குத்தூண் பக்கம் சேலைக் கடை. கல்லாவுக்கு முன்னால் வந்து நிற்கிற ஆளிடம் அந்தச் சொல்லைச் சொல்லவே கூடாது. மெரூன் பார்டர் கேட்டால், "எடுத்தாரச் சொல்லியிருக்கேன், உக்காருங்க" என்பாராம். உடனே அக்கா பின்வாசல் வழியாக ஓடி, அடுத்த தெருவில் மாமா கடையில், அங்கே கிடைக்காவிட்டால் அதற்கடுத்த கடையில், மெரூன் பார்டரை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். வந்தவர் கலர் சோடா குடித்து முடிப்பதற்குள் சேலை மடியில் இருக்கும். "அப்பா பொய் சொன்னதா ஒருத்தரு சொன்னதில்ல தம்பி. சொன்னாரு, வந்துச்சு."

"அது சேலைக்கா."

"தெரியுது."

"பின்வாசல்ல மாமா கடை இருந்துச்சு. இங்க பின்வாசல்ல என்னக்கா இருக்கு? கம்பெனியே சக்கரம் வேணாம்னு எடுத்துட்டான்."

"ரோட்டப் பாத்து ஓட்டு."

தேனூரில் டீக்கடைக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். பால் வண்டி ஒன்றில் ஏறிப் போனார்களாம். அந்த அம்மாவை டிரைவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, அவர் பின்னால் கேன்களுக்கு நடுவே நின்றுகொண்டு போனார் என்று கடைக்காரர் சொன்னார். சக்கரத்தை மாட்டினேன். அக்கா அவர் காரில் முன்னே போக, நான் அவர்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு கே.கே. நகர் போனேன்.

ஆஸ்பத்திரி மாடியில், கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். வேட்டி முழுக்கப் பால் வாடை. பால் வண்டி வழியெல்லாம் நின்று நின்று போய், பத்தே முக்காலுக்குத்தான் வந்து சேர்ந்தார்களாம். நர்ஸ் மனசு வைத்து மெஷினில் ஏற்றிவிட்டார். ஆனால் நாலு மணி நேரத்துக்குப் பதில் மூன்று மணி நேரம்தான் ஓடும், அடுத்த ஆள் காத்திருக்கிறார்.

"சக்கரம் மாட்டியாச்சுண்ணே. வண்டி கீழ நிக்கிது" என்றார் அக்கா.

அவர் நிமிர்ந்தார். "சக்கரத்த யாரு தாயி இப்பக் கேட்டா? ஒன் பேச்சக் கேட்டு ரெண்டு பஸ்ஸ விட்டேன். வாராக வாராகன்னு அவகிட்ட நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன். அவளுக்கு இன்னைக்கு ஒரு மணி நேரம் போச்சு. இந்தத் தம்பி 'இல்ல'ன்னு சொன்னதும் பொட்டுன்னு ரோட்டுல எறங்கிக் கைய நீட்டினேன். மொத வண்டியே நின்டுச்சு."

அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு அதுவும் எரிச்சல்தான். ஒரு வார்த்தை, 'என் தப்புதான்ணே' என்று ஒரே ஒரு வார்த்தை. வரவில்லை. அந்தப் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். நான் ஷோரூமுக்குத் திரும்பினேன். அக்கா மூன்று மணி நேரமும் அங்கேயேதான் இருந்திருக்கிறார். அந்த அம்மா வெளியே வந்ததும் கைத்தாங்கலாகப் படியிறக்கி, காரில் ஏற்றி, சோழவந்தான் வரை பின்னாலேயே போய்விட்டு, சாயங்காலம்தான் வந்தார்.

அடுத்த வாரம் அந்த வண்டி புது டயரோடு, கூடவே ஐந்தாவதாக ஒரு முழுச் சக்கரத்தோடு எங்கள் வாசலிலிருந்து போனது. டிக்கிக்குள் பஞ்சுத் தட்டு இருந்த குழி ஆழம் பத்தாமல், சக்கரம் மேலே துருத்திக்கொண்டு நின்றது. அதை எங்கே பிடித்தார், யாரிடம் பேசி வாங்கினார் என்று கேட்டேன். "வந்துருச்சு தம்பி" என்றார். என்னத்தைச் சொல்ல? ஒருத்தருக்கு ஓடிப்போய்க் கொண்டுவந்துவிட்டார். அந்த மாதம் அதே மாடலை வாங்கிப் போன மற்றவர்கள் எல்லாரும் டிக்கிக்குள் பாட்டிலோடுதானே சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்? இதைக் கேட்டதற்கு, "எல்லாரும் நல்லபடியா ஓட்டுவாங்க" என்றார்.

பிறகு ஒருநாள் திருமங்கலத்துப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி பிடித்துவிட்டது. நிறம் பிடித்துவிட்டது. அக்காவுக்கு முன்னால் புக்கிங் பாரம் விரித்து, பேனாவைத் திறந்துவிட்டார். திறந்தபிறகு நினைவு வந்தவராக, "ஆமா, ஸ்டெப்னி இருக்குல்லம்மா?" என்றார்.

அக்கா வாயைத் திறந்தார். மூடினார். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "தம்பி சொல்லுவான்ணே. நான் காப்பி எடுத்தாரேன்" என்று, என் முகத்தைப் பார்க்காமல், காப்பி மெஷின் இருக்கும் மூலைக்கு நடந்தார். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பொத்தானை அமுக்கவில்லை.

நான் சொன்னேன். இல்லை என்றேன். பாட்டிலை எடுத்துக் காட்டி, இது எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று புத்தகத்தில் இருந்தபடி சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "நல்லதுப்பா. வீட்ல கலந்துக்கிட்டு வாரேன்" என்று எழுந்து போனார்.

அவர் செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டியபிறகுதான் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அக்கா இரண்டு காப்பியோடு வந்தார். காலி நாற்காலியைப் பார்த்தார். ஒன்றை என் முன்னால் வைத்தார். மாதக் கடைசி, எங்கள் குழுவின் இலக்குக்கு இன்னும் ஒரு வண்டி பாக்கி. இரண்டு பேருக்கும் தெரியும்.

"போயிட்டாருக்கா" என்றேன்.

பாரத்தை எடுத்து, ஓரங்களைத் தட்டிச் சரிசெய்து, மேசை மேலேயே வைத்தார்.

"வருவாரு" என்றார்.